இருபத்தெட்டாம் மூடி

அயம்காவின் வலது பாதத்தின் மேல் வண்டி ஏறிய செய்தி அஜெலேயின் காதுக்கு ஹெட்போன் வழியாக வந்தது. அவள் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அந்த அலுவலகத்துக்கு வரும் நல்லதும் கெட்டதும் இருபத்திரண்டு வருஷமாக அவள் காதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒன்பது வயதில் அம்மை வந்து பார்வை போன பிறகு, அந்தக் காதுகளை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

"உங்க ஆபீஸ் அட்டை வெச்சிருக்கான், கண்ணு தெரியாத ஆளு. வேன் ஸ்டாண்டு வாசல்ல பின்னால எடுத்த வண்டி கால்ல ஏறிடுச்சு. யாரையாவது அனுப்புங்க," என்றது போலீஸ்காரன் குரல்.

"ஸ்டாண்டு வாசல்ல அவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் அஜெலே. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரியும்.

"அதைத்தான் நானும் கேட்டேன். கல்லு திரும்பச் சொல்லிச்சு, திரும்பினேங்கறான்."

அதே கல் முந்தின நாள் அவளையும் திரும்பத்தான் சொன்னது. அவள் அதைக் காலால் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே நேராக நடந்து போனவள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கல்லின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். தலைநகர் அக்ராவில் நடைபாதை என்பது நடப்பதற்கு இல்லை. தக்காளிக்கும் பழைய துணிக்கும் செல்போன் உறைக்கும் போக மிச்சமிருந்தால் மனிதன் கால் வைக்கலாம். தெருவில் ஒரே நேர்கோடாக, யாரும் கடை போடாமல் கிடப்பது சாக்கடையின் கான்கிரீட் மூடிகள் மட்டும்தான். நாற்றம் தாங்காமல் வியாபாரிகள் அதை விட்டு வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனி வந்து, அந்த மூடிகளின் மேலேயே புடைத்த கோடும் புள்ளியுமாக மஞ்சள் ஓடு ஒட்டியது, அதைத்தான் கல் என்பார்கள். பார்வையில்லாதவர்கள் காலால் தடவி வழி கண்டுபிடிப்பதற்காம். நீளக் கோடு இருந்தால் கோட்டோடு போ. உருண்டைப் புள்ளி இருந்தால் நில். ஒரே ஒரு மூடியில் மட்டும் கோடு ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அங்கே ரோட்டைக் கடந்தால் எதிரே அலுவலக வாசல். அதுதான் இருபத்தெட்டாம் மூடி.

கம்பெனியின் இஞ்சினியர் செலோர்ம், முப்பத்து நாலு வயது, வெளிநாட்டில் படித்தவர், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருபவர். ஜனவரியில் புழுதிக்காற்று வீசும்போது ஒரு கூட்டம் போட்டு, பார்வையில்லாதவர்களின் கருத்தைக் கேட்டார். கேட்டார் என்றால், நோட்டில் எழுதிக்கொண்டார்.

"மழைக்கு முன்னாடி சாக்கடை வாரறதுக்கு மூடியெல்லாம் தூக்குவாங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று அஜெலே அன்றே கேட்டாள்.

"ஒவ்வொரு மூடிக்கும் நம்பர் போட்டிருக்கோம் மேடம். எடுத்த மாதிரியே வைப்பாங்க."

"நம்பர் எங்க இருக்கு?"

"அடிப்பக்கம். மேல போட்டா அழிஞ்சிடும்."

"சாக்கடையைப் பாத்திருக்கற பக்கம். அதை வாரறவன் கழுவித் துடைச்சு, படிச்சுப் பாத்து, வரிசையா அடுக்குவான். தம்பி, நீங்க இந்த ஊர்தானா?"

கூட்டம் சிரித்தது. செலோர்முக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை என்பது பேனாச் சத்தம் நின்றதிலேயே தெரிந்தது.

அந்த ஓட்டுப் பாதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவன் அயம்கா ஒருவன்தான். வடக்கே போல்கட்டாங்காவிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயது, அவளுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர், இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை.

"ஆன்ட்டி, இந்த ஊருக்கு வந்து என்னை ஏமாத்தாதது இந்தக் கல்லு ஒண்ணுதான்," என்பான்.

"கல்லைப் புடிச்சு நடக்கறவன் கல்லோடயே நிப்பான். காதும் மூக்கும் எதுக்கு இருக்கு? கடன் வாங்கினதா?" என்பாள் அவள்.

அவளுக்கு அவன் மேல் எரிச்சல்தான். இந்த ஊரை அவள் முழங்கால் சிராய்ப்பும் முன்பல் உடைசலுமாகக் கற்றுக்கொண்டாள். எங்கே கென்கி உருண்டை வேகும் புளித்த சோள வாசனை வருகிறது, எந்த இடத்தில் 'மேட்டு' எனப்படும் வேன் கண்டக்டர்கள் "லபாஸ், லபாஸ்" என்று வண்டி போகும் இடத்தைக் கத்துகிறார்கள், எந்தத் திருப்பத்தில் பழைய செருப்புக்கடையின் பசை நாற்றம் மூக்கில் ஏறுகிறது என்று இருபத்திரண்டு வருஷம் பாடம் செய்து வைத்திருக்கிறாள். இவன் வந்து மூன்றே வாரத்தில் செருப்புக் காலால் தடவிக்கொண்டு ஜம்மென்று அலுவலகம் வந்து சேர்ந்தால் எரியாதா? எரிந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

மே மாதம் சாக்கடை வார ஆட்கள் வந்தார்கள். மூடிகளைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டி, கறுப்புச் சேற்றை வாரிக் கரையிலேயே குவித்தார்கள். வழக்கம்போல மழை வந்து அதில் பாதியைத் திரும்ப உள்ளே தள்ளியது. மிச்சத்தை அள்ளிவிட்டு மூடிகளைக் கைக்கு வந்தபடி போட்டுவிட்டுப் போனார்கள். மூடி என்பது மூடுவதற்கு. அதற்கு வேறு வேலை உண்டு என்று அவர்களிடம் சொன்னவர் யாருமில்லை. 'நில்' என்று சொல்லவேண்டிய புள்ளி மூடி கென்கிக்காரியின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதன் மேல் பானையை வைத்துக்கொண்டாள், வழுக்கவில்லையாம். இருபத்தெட்டாம் மூடி தன் இடத்துக்கு அறுபது அடி முன்னாலேயே, வேன் ஸ்டாண்டு வாசலில் போய் உட்கார்ந்தது. அங்கேதான் ட்ரோட்ரோ என்னும் பயணிகள் வேன்கள் பின்னால் எடுத்து ரோட்டுக்கு வரும். வண்டி ஏறி இறங்கும் வாசல் என்பதால் விளிம்புத் திட்டும் கிடையாது. கைக்கோலால் தட்டினாலும் ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

மூடிகள் திறந்து கிடந்த அந்த ஒரு மாதமும் அயம்காவை அவன் ஒன்றுவிட்ட அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் மறுபரிசோதனை என்று செலோர்ம் அஜெலேயை நடக்கச் சொன்னார். வீடியோ எடுக்க ஆள், நகராட்சியிலிருந்து இரண்டு பேர், வேடிக்கை பார்க்க அலுவலகத்துக்காரர்கள், அவர்கள் நடுவே அயம்கா.

அஜெலே நடந்தாள். கண் தெரிந்தவர்கள் திணறும் அந்தத் தெருவில் பதினோரே நிமிஷத்தில் நடந்தாள். ஸ்டாண்டு வாசலில் செருப்படியில் கோடு குறுக்கே ஓடியது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் மேட்டுகளின் கத்தல் இடது காதில் இருந்தது, பசை நாற்றம் இன்னும் வரவில்லை. திரும்பவேண்டிய இடம் இது இல்லை. 'நம்பர் போட்ட லட்சணம்' என்று மனசுக்குள் சிரித்துவிட்டு மேலே போனாள். சரியான இடத்தில் கடந்து அலுவலக வாசலில் ஏறியபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா சார், ஒரு இடத்துல தயங்கலை," என்றார் செலோர்ம் நகராட்சிக்காரரிடம். ஒரு தாளை நீட்டி, அவள் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்தார். அவள் போட்டாள்.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கல் பொய் சொன்னது என்றால், பிறகு நீ எதை வைத்து நடந்தாய் என்று கேட்பார்கள். அவள் பேர் பெற்ற நடையைப் பரிசோதனை செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அப்போது அயம்கா பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, கல்லெல்லாம் சரியா இருக்கா? நாளைலேர்ந்து நான் தனியா வரட்டுமா?"

"பாத்தல்ல, நடந்தேன்ல. இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணன் முதுகைக் கட்டிட்டு வருவே?" என்றாள் அவள்.

அவன் தனியாக வந்தான். வண்டி ஏறியது.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் அருகே போய் நின்றபோது, பாதத்தில் மூன்று எலும்பு நொறுங்கியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். அயம்கா அழவில்லை. அவன் குரலில் குழப்பம்தான் இருந்தது.

"எங்க தப்பு பண்ணினேன் ஆன்ட்டி? கோடு திரும்பிச்சு. கொஞ்சம் சீக்கிரமே திரும்புதேன்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம், நேத்துதானே நீங்க நடந்து பாத்தீங்கன்னு நெனச்சேன். நெனச்சிட்டு இறங்கினேன்."

"வாயை மூடிட்டுப் படு. பேசினா வலி ஜாஸ்தியாகும்," என்றாள் அஜெலே. கொண்டுபோன பொரித்த மீனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். லிப்டுக்குள் நின்றபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

நாலு நாள் கழித்து, அஜெலேயின் அலுவலகப் பணியாளர் அதிகாரி அசியெடுவைப் போனில் கூப்பிட்டார் செலோர்ம். அஜெலேதான் இணைத்தாள். இணைத்தபின் லைனை விட்டு விலகவேண்டும் என்பது விதி. அவள் விலகவில்லை.

"விழா வெள்ளிக்கிழமை சார். அதுக்குள்ள இந்த விபத்து விவகாரத்தை முடிச்சிடுங்க," என்றார் செலோர்ம். "பாதையில குறை இல்லை. முந்தின நாள் உங்க ஆபரேட்டரம்மாவே நடந்த வீடியோ இருக்கு, கையெழுத்து இருக்கு. அந்தம்மாவால முடிஞ்சது, அந்தப் பையனால முடியலைன்னா என்ன அர்த்தம்?"

"கவனக்குறைவு," என்றார் அசியெடு.

"நான் அப்படிச் சொல்லலை. ஆனா எழுதறதுன்னா அப்படித்தான் எழுதணும்."

"தகுதிகாண் காலம்தான். நிறுத்திடலாம், ஊருக்குப் போய் உடம்பைத் தேத்திக்கட்டும். திங்கட்கிழமை கடிதம் குடுத்துடறேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரில் சிரிப்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். கோணலாகக் கட்டியவனும், கோணல் என்று தெரிந்தும் ஆடிக் காட்டியவளும் பேசாமல் இருக்க, விழுந்தவன் தலையில் பழி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அஜெலே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அன்று மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செலோர்மின் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே ஏசி எலும்பில் குத்தியது. உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"இருபத்தெட்டாம் மூடி ஸ்டாண்டு வாசல்ல கிடக்கு," என்றாள். "அன்னைக்கே என் காலுக்குத் தெரிஞ்சுது. உங்க கல்லைப் பாத்து நான் நடக்கலை. என் மூக்கையும் காதையும் வெச்சு நடந்தேன். அந்த வீடியோ பொய். அதை வெச்சு அந்தப் பையன் கழுத்தை அறுக்காதீங்க."

செலோர்மின் நாற்காலி கிறீச்சிட்டது.

"தெரிஞ்சுது. சொல்லலை. கையெழுத்தும் போட்டீங்க."

"ஆமா."

"அப்ப யார் குற்றவாளி மேடம்? நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். இப்ப வந்து சொல்றீங்க, நான் தெரிஞ்சே விட்டேன்னு. போங்க, போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. முதல்ல உங்களைத்தான் விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும். முதல்ல அந்த மூடியை மாத்துங்க. வெள்ளிக்கிழமை குருட்டுப் பள்ளிப் பிள்ளைங்க பஸ்ல வர்றாங்களாமே. முப்பது பேரு."

"விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

"இன்னைக்கு மாத்தினா என்ன?"

"இன்னைக்கு மாத்தினா, இத்தனை நாள் தப்பா இருந்துச்சுன்னு ஆகும். விசாரணை அறிக்கை கையெழுத்தாகலை இன்னும்," என்றார். சொன்னபிறகுதான் அதிகம் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்திருக்கவேண்டும். குரலை மாற்றிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நீங்கதான் முதல்ல நடக்கறீங்க. மந்திரி உங்களைத்தான் கேட்டிருக்கார். வழக்கம்போல நடங்க. உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் இவன். அதற்குச் சோறு போட்டவள் நான். அஜெலேக்கு அப்போது வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி அவள் மேல். எந்தப் பாதி பெரிது என்று அவளால் சொல்லமுடியவில்லை. வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். வாய்ச்சொல்லுக்கு எதிரே வீடியோ. வயதான குருடி, புதுப் பையன் மேல் இரக்கப்பட்டு உளறுகிறாள் என்பார்கள். அவள் நடந்ததை அவள் நடந்துதான் அழிக்கமுடியும்.

"நடக்கறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருமுனையில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, வாத்தியக் குழு. துணை மந்திரி வந்து பேசினார், இந்த நாடே உங்களோடு கைகோத்து நடக்கிறது என்றார். ஒரு எஃப்.எம். வானொலிக்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நேரலையில் அளந்துகொண்டிருந்தான். நீமா பகுதியில் அண்ணன் வீட்டில் கால்கட்டோடு படுத்திருக்கும் அயம்கா அதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று அஜெலேக்குத் தெரியும். முந்தின நாள் அவளே போன் செய்து கேட்கச் சொல்லியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் இறுக்கி அடைத்தாள். மேலே தலைத்துணியைக் காது மூடக் கட்டினாள். பிறகு கற்பூரத் தைலத்தை விரலில் வழித்து மூக்குக்குக் கீழே பட்டையாகத் தடவிக்கொண்டாள். கண்ணுக்குள்வரை எரிந்தது. கென்கி போயிற்று, பசை போயிற்று, மேட்டுகளின் கத்தல் எங்கோ சுவருக்கு அப்பால் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் நடந்த தெரு, அவளைத் தெரியாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், கட்டிலிலிருந்து கீழே காலை வைக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாளே, அதே பயம். அயம்கா தினமும் காலையில் இதோடுதான் புறப்பட்டானா? அவனைப் பார்த்து, காதும் மூக்கும் கடன் வாங்கினதா என்று கேட்டேனே. பஸ்ஸிலிருந்து ஊர் தெரியாமல் இறங்குகிறவனுக்கு எந்த வாசனை எந்தக் கடையென்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவனுக்கு இருந்தது கால் ஒன்றுதான். அதையும் நம்பச் சொல்லி அனுப்பியவள் நான்.

யாரோ தோளைத் தொட்டார்கள். புறப்படச் சொல்கிறார்கள். அவள் கைக்கோலை நீட்டிக் கோட்டின் மேல் வைத்து நடந்தாள்.

பதினோரு நிமிஷத்து நடை இல்லை இது. ஒவ்வொரு மூடியாகக் காலால் தடவி, கோடு இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த அடி. முதுகுக்குப் பின்னால் செலோர்ம் வருவார், மந்திரி வருவார், மைக் வரும். ஏன் இப்படி ஊர்கிறாள் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். உள்ளங்கால் வியர்த்து ரப்பர்ச் செருப்பில் வழுக்கியது. எத்தனை மூடி தாண்டினோம் என்று எண்ணக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டிருந்தாள். எண்ணினால் தெரிந்துவிடும், தெரிந்தால் கால் தானாக நேரே போய்விடும்.

செருப்படியில் கோடு குறுக்கே ஓடியது.

நின்றாள். வலது காலால் ஒருமுறை தடவினாள், இடது காலால் ஒருமுறை. கோடு ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இங்கே கட என்கிறது. அவள் திரும்பினாள். கோலை முன்னால் நீட்டி ஓர் அடி வைத்தாள், இரண்டு வைத்தாள். தரை சமமாக இருந்தது. மூன்றாவது அடியில் தரை லேசாக நடுங்கியது. அவள் காலைத் தூக்கினாள்.

இடுப்பை யாரோ சுற்றி வளைத்துப் பின்னால் இழுத்தார்கள். அவளும் இழுத்தவரும் சேர்ந்து மூடிகளின் மேல் மல்லாக்க விழுந்தார்கள். கையிலிருந்த கோலை எதுவோ பிடுங்கிக்கொண்டது. தைலத்தையும் தாண்டி வாசனைத் திரவியம் மூக்கில் ஏறியது. அஜெலே தலைத்துணியை விலக்கிக் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். தெருவின் சத்தம் முழுவதும் ஒரேயடியாக மண்டைக்குள் விழுந்தது.

"வண்டி நெறஞ்சா எடுப்போம்ல, மந்திரி வந்தா என்ன, மகாராஜா வந்தா என்ன," என்று ஒரு மேட்டு கத்திக்கொண்டிருந்தான். "கோலு போச்சு, ஆளு தப்பிச்சா. அவ்வளவுதான்."

"உங்களுக்குப் பைத்தியமா?" செலோர்ம் அவள் காதருகே மூச்சிரைத்தார். "எத்தனை தடவை கத்தினேன், நில்லுங்க நில்லுங்கன்னு. காதுல விழலையா?"

"விழலை. பஞ்சு அடைச்சிருந்தேன்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "மைக்கு எங்க? இங்க கொண்டாங்க."

வானொலிக்காரன் பாய்ந்து வந்தான். இந்தமாதிரி அதிர்ஷ்டம் அவனுக்கு வருஷத்தில் ஒருநாள் வரும்.

"எதுக்கு என்னைப் புடிச்சு இழுத்தீங்க?" என்று கேட்டாள் அஜெலே.

"வண்டி வந்துச்சு."

"வண்டி வர்ற இடத்துக்கு நான் எதுக்குப் போனேன்?"

செலோர்ம் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"நான் கவனமில்லாம நடந்தேனா? எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தீங்க. ஒவ்வொரு அடியும் உங்க கோட்டு மேலதான் வெச்சேன். சொல்லுங்க தம்பி. ஊரே கேக்குது."

"நீங்க... நேரா போயிருக்கணும்."

"கோடு நேராவா போகுது?"

"இல்லை," என்றார் செலோர்ம். அது மைக்கில் நன்றாக விழுந்தது.

"இது இங்க இருக்கவேண்டிய மூடியா?"

"இல்லை. சாக்கடை வாரினப்ப மாத்தி வெச்சிட்டாங்க."

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

துணை மந்திரியின் ஆள் ஒருவன், போதும், ஒலிபரப்பை நிறுத்துங்கள் என்றான். வானொலிக்காரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் உங்க ஆபீசுக்கு வந்து சொன்னேன். அன்னைலேர்ந்து தெரியும். இல்லேங்கறீங்களா?"

"இல்லேங்கலை," என்றார் அவர், மிகத் தணிந்த குரலில்.

"அப்ப அயம்கா கவனக்குறைவா நடந்தானா?"

"இல்லை. அவன் பேர்ல தப்பில்லை."

அதோடு நிறுத்தியிருந்தால் அன்று அவள்தான் தெருவுக்கே ராணி. கென்கிக்காரி ஏற்கெனவே, "அப்படிக் கேளுடி என் தாயே," என்று கை தட்ட ஆரம்பித்திருந்தாள். அஜெலே மைக்கை இன்னும் விடவில்லை.

"இவரு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். போன தடவை நான் சரியா நடந்தது கல்லைப் பாத்து இல்லை. இந்த இடத்துல கோடு தப்பா இருக்குன்னு என் காலு அன்னைக்கே சொல்லிச்சு. நீங்கல்லாம் கை தட்டினீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். கல்லு சரியா இருக்கான்னு அயம்கா வந்து கேட்டான். அவனைக் கிண்டல் பண்ணி அனுப்பினேன். அவன் காலு போனது என்னால. இதையும் எழுதிக்கோங்க."

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

"பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சேனே," என்றாள் கென்கிக்காரி. "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அஜெலே மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கவே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலைக்குள் ஆட்கள் வந்து கடப்பாரையோடு மூடிகளைப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது, நூற்றுப் பத்து நம்பரில் ஒன்பதுதான் படிக்கிற மாதிரி இருந்ததாம்.

திங்கட்கிழமை காலை அவள் புதுக் கோலோடு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கூட வேலை செய்கிறவர்கள் காலை வணக்கம் சொல்லாமல் அவளைக் கடந்து போனார்கள். எட்டரை மணிக்கு வந்த அழைப்பில் மூச்சு விடும் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

"வேலைல இருந்து எடுக்கலையாம். கால் சரியானதும் வரச்சொல்லி அசியெடு சார் நேத்து ஆள் அனுப்பினாரு," என்றான் அயம்கா.

"நல்லது."

"ரேடியோல கேட்டேன்."

"ம்."

"கேக்கும்போது அண்ணன் பக்கத்துல இருந்தான். அந்தம்மாவுக்கு நல்ல மனசு, உனக்காக வண்டிக்கு முன்னாடி போய் நின்னிருக்குன்னான்." போனைக் காது மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. "நான் வந்து கேட்டேன் ஆன்ட்டி. கல்லு சரியா இருக்கான்னு. அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே அனுப்பினீங்க."

"ஆமா," என்றாள் அஜெலே.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. லைனில் எங்கோ ஒரு சேவல் கூவியது, ஒரு குழந்தை அழுதது. அதற்குப் பிறகு அவன் பேசியபோது, ஆபரேட்டரிடம் வெளியாள் எவனும் பேசும் குரலில் பேசினான்.

"பணியாளர் அதிகாரி லைன் குடுங்க, மேடம்."

அவள் இணைப்பைக் கொடுத்துவிட்டு, லைனை விட்டு விலகிக்கொண்டாள்.